பின்பக்கப் படிக்கட்டு

லாட்ஜுக்குப் புதிதாக வருகிறவர்கள் ரூமுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பார்கள். திறந்த கையோடு மூடியும் விடுவார்கள். நான்கு ரோடு சேருகிற முக்கு அது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் திரும்பியாக வேண்டும். ஹாரன் அடிக்காமல் ஒன்றுகூடத் திரும்பாது. கீழே போன் கவர் விற்கிற கடையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் கடை மூடுகிறவரை ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் துணி துவைக்கும்போது என் வாயிலும் அதுதான் வரும்.

முப்பத்திரண்டாம் நம்பர் ரூமுக்கு வந்த தையல்காரம்மா மட்டும் ஜன்னலை மூடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். எங்கள் லாட்ஜில் லிஃப்ட் இல்லாமலில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அதற்குள் பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

கீழ்மாடியில் ரூம் காலியாக இல்லையா என்று அவள் புருஷன் கேட்டார். பஸ் டிரைவர். நல்ல உயரம், பேச்சு மட்டும் அதட்டல். அடுத்த வாரம் காலியாகும் என்று மேனேஜர் சொன்னதாகச் சொன்னேன். அடுத்த வாரமும் காலியாகவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி இருக்கிற இடத்தில் கீழ்மாடி ரூம் எப்படிக் காலியாகும்? நடக்க முடியாதவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை.

கூட மூன்றாவது ஆளாக ஒரு வாலிபன் வந்திருந்தான். அவளுடைய தம்பி. ஜன்னல்களுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி மாட்டுகிற வேலை. கை இரண்டிலும் பழைய வெட்டுத் தழும்புகள். அக்காள் அவனை ‘சுண்டு’ என்று கூப்பிடுவாள். ஐந்தே முக்கால் அடி ஆளை, கல்யாணமாகி ஆறு மாசக் கர்ப்பிணி மனைவி இருக்கிறவனை, சுண்டு என்று கூப்பிடுவதைக் கேட்க எனக்கு முதலில் சிரிப்பாக வந்தது. ரூமில் இருந்தவை இரண்டே கட்டில். அவன் தரையில் படுத்துக்கொண்டான்.

தையல்காரம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் கிடக்க வேண்டும். டயாலிசிஸ் என்று அவள் சொல்ல மாட்டாள். ‘மெஷின்ல உட்கார்ற நாள்’ என்பாள், தன் தையல் மெஷினைச் சொல்வது போலவே. ஊரில் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறவள் அவள். மாற்றுக் கிட்னி வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். டிரைவர் தருகிறேன் என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி. தம்பி தருகிறேன் என்றான். அவனுக்கு ரத்தம் சேர்ந்தது, திசு சேர்ந்தது, எல்லாம் சேர்ந்தது. டெஸ்டுகள் ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டி முன்னால் அவன் தனியாகப் போய், யாரும் வற்புறுத்தவில்லை, என் இஷ்டப்படிதான் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து வாரத்துக்குத்தான் ரூம்.

எனக்கு இரண்டு மாடி, பதினெட்டு ரூம். விரிப்பு மாற்றுவது, கூட்டித் துடைப்பது, பாத்ரூம் கழுவுவது, விரிப்புகளைத் துவைக்கப் போடுவது, மொட்டை மாடியில் உலர்த்துவது, மடித்துக் கொண்டுவந்து வைப்பது. ஒரு ரூமுக்கு இருபது நிமிஷம் என்று மேனேஜர் கணக்கு வைத்திருக்கிறார். குழந்தை குட்டிகளோடு வருகிற ரூமுக்கு நாற்பது நிமிஷமானாலும் போதாது. அந்த மூன்று பேர் ரூமுக்குப் பத்து நிமிஷம் போதும். நான் போவதற்குள் அவளே விரிப்பை இழுத்துவிட்டு, தலையணையைத் தட்டி வைத்திருப்பாள். தையல் பழகிய கை, ஒரு சுருக்கம் இருக்காது. மிச்சமான பத்து நிமிஷத்தில்தான் எங்கள் பழக்கம் வளர்ந்தது.

அது கொடும் வெயில் காலம். மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடி. சாயங்காலம் வரை சீலிங் சூடு இறங்காது. ஃபேன் சுற்றினால் அந்தச் சூட்டைத்தான் அள்ளி இறைக்கும். அவளுக்கோ ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். மருந்து விழுங்குகிற தண்ணீரும் அதில்தான் சேர்த்தி. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பேனாவால் கோடுகள் போட்டு வைத்திருந்தாள். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று கோடுகள். மத்தியானக் கோடு வருவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் கீழே ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் கட்டி இரண்டு வாங்கி, டம்ளரில் மூடிக்கொண்டு ஓடி வருவேன். அதை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ரூமில் சமைக்கக் கூடாது என்பது லாட்ஜ் சட்டம். ஆனால் அவள் ஓட்டல் சாப்பாடு சாப்பிட முடியாது. உப்பு சேரக் கூடாது. காயை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும். கரண்ட் அடுப்பு ஒன்றை பாத்ரூமில் ஒளித்து வைத்திருந்தார்கள். மேனேஜர் மாடி ஏறினால் நான் வராந்தாவில் வாளியைச் சத்தமாக வைப்பேன். உள்ளே அடுப்பு அணையும்.

இரண்டு தடவை வெந்த காய் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். “துவைச்ச துணியைச் சாப்பிடற மாதிரி இருக்கும்க்கா,” என்றாள். அவளைவிட நான் பத்து வயசு பெரியவள், அதனால் அக்கா.

இன்னொரு நாள் இடது கையை நீட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னாள். மெஷினுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்த இடம். தோலுக்கு அடியில் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது, மோட்டார் வைத்த மாதிரி. நான் வெடுக்கென்று கையை எடுத்துவிட்டேன். அவள் சிரித்தாள். அது நின்றால்தான் பயப்பட வேண்டும் என்றாள்.

அவளுடைய பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறது, டிரைவரின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அம்மா செத்த பிறகு, தனக்குக் கல்யாணமாகும்வரை தம்பியை வளர்த்தது தான்தான் என்று சொன்னாள். பன்னிரண்டு வயசில் அவனுக்கு அப்பாவும் போய்விட்டார். குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன். மத்தியானம் வெளியே வந்துவிடலாம் என்று சொல்லி உள்ளே போனவர் வரவில்லை. அக்காளும் தம்பியும்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இதை அவள் ஒரு தகவல் போலத்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கும் ஜெராக்ஸ் கடைக்குமாக நாளெல்லாம் அலைவார். எந்தக் காகிதம் எந்த ஜன்னலில், எந்த முத்திரை எந்த மாடியில் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மச்சானை ராஜா மாதிரி வைத்திருந்தார். காலையில் அவனுக்கு முட்டை, சாயங்காலம் பழம். “சாப்பிடு மாப்ள, நீ நல்லா இருந்தாத்தான் அவ நல்லா இருப்பா,” என்பார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். எனக்கு ஏனோ அதைப் பார்க்கவே பிடிக்காது. ரூமை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிடுவேன்.

நான்காவது வாரம் என்று நினைக்கிறேன். காலை பதினோரு மணிக்கு ஈர விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். முந்தின நாள் போட்ட விரிப்புகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிழலில், தம்பி குந்தியிருந்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். உடம்பு மட்டும் குலுங்கியது. சத்தமே இல்லை.

நான் பார்க்காத மாதிரி இறங்கிவிடலாம். விரிப்புகள் கனம், கை வலித்தது, இறக்கி வைத்தேன். அவன் நிமிர்ந்தான்.

ஊரில் மனைவிக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். நான் பாட்டுக்கு விரிப்புகளை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அவனே சொன்னான்.

“எனக்கு பயமா இருக்கும்மா. உள்ள போனா வர மாட்டேன்னு தோணுது. டாக்டர் எல்லாம் நல்லாத்தான் சொல்றாங்க. மூளைக்குப் புரியுது. ஆனா ஆபரேஷன் ரூம் வாசல்ல அந்தப் பச்சைத் துணியைப் பாத்தாலே கால் ரெண்டும் துவண்டு போவுது.”

“அக்காகிட்ட சொல்லலையா?”

“எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு சொல்றது? எட்டாவது மாடியில நின்னு கண்ணாடி மாட்டுறவன் நான். கேட்டா சிரிப்பாங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவ எனக்காக என்னென்னமோ பண்ணியிருக்கா. நான் இது ஒண்ணு பண்ண மாட்டேனா? பண்ணிடுவேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றான்.

சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்த நாளும் அவன் அங்கே இருந்தான். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள், தொட்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்திருந்ததை நான்தான் கழுவிவிட்டேன்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. தையல்காரம்மா கேட்டாள், நான் சொல்லிவிட்டேன். கமிட்டிக்கு இரண்டு நாள் முன்பு, அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, வெளியே ஏதாவது சாப்பிடுகிறானா, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தலையணை உறையை மாட்டிக்கொண்டே, மாடியில் உட்கார்ந்து அழுகிறான் என்று சொன்னேன்.

கீழே அந்த ஸ்பீக்கர் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. பிறகு, “சத்தமா அழுதானா?” என்றாள்.

“இல்ல.”

“அப்பா போனப்பவும் அப்படித்தான். சத்தம் வராது.” பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். மத்தியானக் கோட்டுக்கு வந்திருந்தது. மூடியைத் திறக்காமலே கீழே வைத்துவிட்டாள்.

கமிட்டி நாள் காலை. பத்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். எட்டு மணிக்கே டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு காகிதத்தில் முத்திரை விட்டுப்போனது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போகும்போது, மச்சானைக் குளித்து ரெடியாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். எட்டேகாலுக்கு நான் மூன்றாவது மாடி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

உள்ளே தம்பி ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தான். கட்டில்மேல் அவன் பை. அவன் சட்டைகளை அவளே மடித்து அடுக்கி ஜிப்பை மூடியிருந்தாள்.

“நீ கிளம்பு,” என்றாள் அவனிடம்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் என்னவென்று சொல்வது? துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

“நான் வரேன்னு சொல்லியாச்சுல்ல. அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. யாரோ எதையோ சொன்னா…”

“யாரும் சொல்ல வேணாம். உன் காலு நடுங்கறது எனக்கு இங்க இருந்தே தெரியுது. நீ நடக்கப் பழகினப்ப இருந்து அந்தக் காலை எனக்குத் தெரியும்.”

“மாமா கொன்னுடுவாரு.”

“கொல்ல மாட்டாரு. உன்கூடப் பேச மாட்டாரு. அது போதும்.”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானே தருகிறேன், நானே தருகிறேன் என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். அவள் குனிய முடியாமல் குனிந்து, அவன் தலையைத் துண்டால் துவட்டினாள். ரொம்ப நிதானமாகப் பேசினாள். தான் அனுப்பினதாகத் தெரிந்தால் டிரைவர் அவன் வீட்டுக்கே போய்ச் சமாதானம் பேசிக் கூட்டி வந்துவிடுவார். டாக்டரை வைத்துப் பொருந்தவில்லை என்று சொல்லச் சொன்னால் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்பார். அவனாக ஓடிவிட்டான் என்றால்தான் ரோஷம் வந்து அந்தத் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார். “நீயா போனதாவே இருக்கட்டும். என்கிட்டகூட சொல்லாம போயிட்ட. யார் கேட்டாலும் அதான். உன் பொண்டாட்டிகிட்டயும் அதான்,” என்றாள். போனை வாங்கி அவளே அணைத்து அவன் சட்டைப் பையில் போட்டாள்.

பிறகு என்னிடம், “அக்கா, முன்பக்கமா போனா மேனேஜர் பாப்பாரு. பின்பக்கமா ஒரு படி இருக்குன்னீங்களே,” என்றாள்.

துணி மூட்டை இறக்குகிற படி அது. ஒரு ஆள் அகலம்தான். நான் முன்னே போக, அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னே வந்தான். கீழே சலவை ரூம் தாண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். அங்கே ஒரு குறுக்குச் சந்து, அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்டு. அவன் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“நான் போறது சரியாம்மா?” என்றான்.

“போ,” என்றேன்.

எனக்கு அவசரம். யாராவது வந்துவிடுவார்களே என்று பயம். அதனால் சொன்னேன். அந்த ஒரு சொல்லை எத்தனை நாள் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அவன் போனான்.

ஒன்பதரைக்கு டிரைவர் வந்தார். அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். முதலில் மாடி, பிறகு டீக்கடை, பிறகு பஸ் ஸ்டாண்டு. சலவைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிப்போய்த் திரும்பி வந்தார். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. போன் அணைந்தே இருந்தது. என்னிடம் வந்து, அவன் வெளியே போனதைப் பார்த்தாயா என்று கேட்டார். பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்றேன். தான் கண் அசந்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள். அவர் படியில் உட்கார்ந்தார். அந்த அதட்டல் குரல் எங்கே போனதோ, “முட்டை வாங்கி வெச்சிருந்தேம்மா அவனுக்கு,” என்றார் என்னிடம். அப்புறம் எழுந்து ரூமுக்குள் போய், இனிமேல் அவன் வாசப்படியை மிதித்தால் தான் மனுஷனே இல்லை என்று சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

இன்னும் மூன்று வாரம் அவர்கள் தங்கினார்கள். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற கிட்னிக்குப் பெயர் பதிந்தார்கள். அந்த வரிசையில் முன்னால் பல நூறு பேர் இருந்தார்கள். ஊர்ப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு இடம் கிடைக்கும்வரை இருந்தார்கள்.

முதல் மழை பெய்தது அந்த நாட்களில்தான். வராந்தாவில் யாராவது நடந்தால் அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்ப்பாள். செருப்புச் சத்தம் அடுத்த ரூமுக்குப் போனதும் மறுபடி பேசுவாள். நான் பாத்ரூம் கழுவிக்கொண்டு இதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், டிரைவர் வெளியே போயிருந்தபோது, அவளே சொன்னாள்.

“தெரியுமாக்கா, நான் போகச் சொன்னேன், சரி. ஆனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவான்னு நெனச்சேன். ‘இல்லக்கா, முடியல, நான் தரேன்’னு வந்து நிப்பான்னு நெனச்சேன். மூணு நாள் நெனச்சேன். அப்புறம் கோவம் வந்துச்சு. அப்புறம் அதுவும் போயிடுச்சு.” வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, “இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அனுப்பினதைக்கூட எப்பவாவது சொல்லுங்க. இதைச் சொல்லாதீங்க,” என்றாள்.

அடுத்த வருஷம், காலேஜ்களுக்கு ஆள் சேர்க்கிற காலம். லாட்ஜ் நிரம்பி வழிந்தது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். இரண்டாவது மாடியில் ஒரு ரூம் துடைக்கப் போனால் உள்ளே டிரைவர் இருந்தார். பத்து வருஷம் வயசு கூடியிருந்தது. அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தையல்காரம்மா போய் நான்கு மாசம். மெஷினில் இருக்கும்போதே பிரஷர் இறங்கிவிட்டது என்றார். பெண்ணுக்கு இங்கே பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல் ரூம் நாளைதான் திறப்பார்கள், ஒரு நாள் தங்க வேண்டும், வேறு லாட்ஜ் எதுவும் தெரியாது என்றார். பெண் கீழே சோப்பு வாங்கப் போயிருந்தாள்.

நான் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார். “அவ தூங்குறவளே இல்லம்மா. கடைசி வரைக்கும் சரியா தூங்கினதே கிடையாது. அன்னிக்கு மட்டும் எப்படித் தூங்கினா, அவன் பையெடுத்துக்கிட்டுப் போறது தெரியாம?”

கையில் விரிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். மொட்டை மாடியில் அவன் அழுததிலிருந்து ஆரம்பித்து, அதை நான் அவளிடம் சொன்னதை, அவள் பை அடுக்கினதை, பின்பக்கப் படியை, நான் சொன்ன ‘போ’வை எல்லாம் சொன்னேன். மூன்று நாள் அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அவ செத்தன்னிக்கு வந்தான்,” என்றார் கடைசியில். “கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு. தெருவுல எல்லார் முன்னாலயும் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளினேன். அக்காவைக் கொன்னவன்னு சொன்னேன். ஒரு வார்த்தை பதில் பேசலம்மா. எதிர்வீட்டு ஓரமா, வெயில்ல, தூக்குற வரைக்கும் நின்னுட்டுப் போனான்.”

கதவுப் பக்கம் ஏதோ சத்தம். திரும்பினோம். பெண் சோப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அம்மாவின் நெற்றி, அம்மாவின் நிதானம்.

“கதவைச் சாத்துனது நான்தான்ப்பா,” என்றாள். “அன்னிக்கு மாமா உள்ள வரட்டுமான்னு என்னைக் கேட்டாரு. நான்தான் மூஞ்சிக்கு நேரா சாத்துனேன்.”

டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்மா,” என்றார்.

நான் பழைய விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு இன்னும் ஏழு ரூம் பாக்கி இருந்தது.

மறுநாள் காலையில் அவர்கள் ரூமைக் காலி செய்தபோது நான் மேலே இருந்தேன். இறங்கி வருவதற்குள் போய்விட்டார்கள். என்மேல் கோபமாகப் போயிருப்பார்கள், அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் லாட்ஜுக்கு வந்தாள். தனியாக. இது யார் என்று மேனேஜர் கேட்டதற்கு, என் சொந்தக்காரப் பெண் என்று சொன்னேன். மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். உலர்ந்த விரிப்புகளை எடுத்து ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடித்தோம். ஹாஸ்டல் சாப்பாடு பற்றிச் சொன்னாள். டிராயிங் போர்டு தூக்கித் தோள் வலிக்கிறது என்றாள். நாலைந்து விரிப்பு மடித்த பிறகு, போன வாரம் அப்பாவோடு மாமா வீட்டுக்குப் போனதைச் சொன்னாள்.

மாமாதான் கதவைத் திறந்தாராம். இவர்களைப் பார்த்ததும் பின்னால் இரண்டடி நகர்ந்து நின்றாராம். அத்தை நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கிறது. அப்பா பேச வந்ததைப் பேசவே இல்லை. கண்ணாடி வேலை எப்படி, இப்போதெல்லாம் எந்தக் கண்ணாடி அதிகம் போகிறது, மழைக்காலத்தில் வேலை இருக்குமா என்று ஒரு மணி நேரம் அதையே பேசினார். மாமாவும் அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பி வாசல் வரைக்கும் வந்து செருப்பு மாட்டும்போதுதான் அப்பா திரும்பாமலே, ‘மாப்ள, நீயா போகலைன்னு தெரியும்’ என்றாராம்.

“மாமா அப்பா கையைப் புடிச்சுகிட்டாரு,” என்றாள். “‘யார் சொன்னா? அக்கா சொல்லிட்டாளா? அவ சொன்னாளா மாமா?’ அதையே கேட்டாரு. நாலஞ்சு தடவை கேட்டாரு.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“‘ஆமா, அக்காதான் சொன்னா. கடைசியா என்னைக் கூப்பிட்டு, தம்பி மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டுத்தான் போனா’ன்னாரு.”

விரிப்பின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து, அம்மா மாதிரியே, விரலால் மடிப்பை நீவினாள்.

“மாமா என்னைப் பாத்தாரு. நெஜமான்னு கேக்கற மாதிரி. நானும் தலையாட்டுனேன். அப்பதான் மாமா அழுதாரு. தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி, அவ்வளவு சத்தமா.”